கருப்பொருள் நீங்கிய கடற்கரை

1

தமிழில் கவிதைக்கு விமர்சனம் இருக்கிறது, நாவலுக்கு இருக்கிறது, அரைகுறையாக ஓவியத்துக்கும் சினிமாவுக்கும் இருக்கிறது. எல்லோருக்கும் பொதுவென்று அமைக்கப்படுகிற இடங்களுக்கு மட்டும் இல்லை. ஒரு நகரம் தன் கடற்கரையை எப்படி அமைத்துக்கொள்கிறது என்ற விஷயத்தை என்ஜினியர்களுக்கும் பத்திரிகை நிருபர்களுக்கும் விட்டுவிட்டோம். என்ஜினியர் செலவைச் சொல்கிறார். நிருபர் திறப்பு விழாவைச் சொல்கிறார். அந்த அமைப்பு என்ன சொல்கிறது, யாரைப் பார்த்துச் சொல்கிறது, யார் அங்கே இல்லை என்று வைத்துக்கொண்டு சொல்கிறது என்று கேட்க ஆளில்லை. மோசமான கவிதையை நாலாவது வரியில் மூடி வைத்துவிடலாம். மோசமான கடற்கரையை அப்படி மூடிவைக்க முடியாது. நம் பிள்ளைகள் அதில்தான் நடந்து பழகுகிறார்கள். கடல் என்றால் இதுதான் என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

எந்தக் கட்சி ஆண்டாலும் இந்த விஷயத்தில் நம் அரசாங்கங்கள் கையில் வைத்திருப்பது ஒரே சொல்: அழகுபடுத்தல். இந்தச் சொல்லைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். இப்போது இருப்பது அழகில்லை என்ற தீர்ப்பு அதற்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. யாருடைய கண்ணுக்கு அழகில்லை என்பது எழுதப்படவில்லை. உவமையும் சிலேடையும் கோத்துச் செத்த செய்யுளுக்கு உயிர் கொடுக்கப் பார்த்தவர்களை நமக்குத் தெரியும். அவர்களோடு சண்டை போட்டுத்தான் இங்கே புதுக்கவிதை வந்தது. அவர்களுடைய ரசனைதான் இன்று கிரானைட் பெஞ்சாகவும் வண்ண விளக்காகவும் செயற்கை நீரூற்றாகவும் மணல் ஓரத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதைப் பற்றி நாம் பேசாமலிருப்பது எனக்குப் புரியவில்லை.

கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம், அதோடு நிறுத்திக்கொண்டோம். தொல்காப்பியம் அங்கே நிறுத்தவில்லை. ஒரு திணையை அது மூன்றாகப் பார்க்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்து மனிதர் மனத்தில் நிகழ்வது உரிப்பொருள். நெய்தலுக்கு அது இரங்கல். இரண்டுக்கும் நடுவே கருப்பொருள் என்று ஒன்றை வைக்கிறது: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். இந்த நடுப்பகுதியைப் புலவர்களுக்கான பொருள் பட்டியல் என்று நினைப்பது தவறு. நிலம் நேராக மனத்துக்குள் போய்விடுவதில்லை என்ற பார்வை அதில் இருக்கிறது. நெய்தல் பாட்டில் ஒருத்தியின் துயரம் வெறும் மணலிலிருந்தும் நீரிலிருந்தும் எழுவதில்லை. உலர்கிற மீன், அதைக் கவரவரும் பறவை, உப்பு ஏற்றிப்போகும் வண்டி, புன்னை மரம், திரும்பிவராத திமில் ஆகியவற்றின் வழியாக எழுகிறது. கருவை எடுத்துவிட்டால் முதல் வெறும் காட்சி. உரி வெறும் பெருமூச்சு.

சென்னையின் கடற்கரைகளை ஒன்றரை நூற்றாண்டாக அமைத்து வருகிற பார்வை இந்த நடுப்பகுதியை நீக்குகிற பார்வை என்பது என் வாதம். அதற்கு நிலம் வேண்டும், நிலத்தைப் பார்த்து மனம் லேசாகிற மனிதன் வேண்டும். இடையில் இருக்கிற தொழில், உணவு, மரம், தெய்வம் எல்லாம் அதற்கு இடைஞ்சல்.

2

மெரினாவுக்கு ஒரு ஆசிரியர் உண்டு. 1881 முதல் 1886 வரை சென்னை கவர்னராக இருந்த மௌண்ட்ஸ்டூவர்ட் எல்ஃபின்ஸ்டன் கிராண்ட் டஃப் 1884-ல் இந்த உலாச்சாலையை அமைத்தார். சிசிலித் தீவில் தான் பார்த்த கடற்கரையின் ஞாபகத்தில் மெரினா என்று பெயரும் வைத்தார். ஒரு வெள்ளைக்கார அதிகாரி, தன் வகுப்பைச் சேர்ந்தவர்கள் மாலையில் குதிரை வண்டியில் காற்று வாங்கிப்போக, இன்னொரு கடலின் ஞாபகத்தில் அமைத்த இடம் அது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருடைய பார்வை அவருக்கு இயல்பானது. நூற்றைம்பது வருஷம் ஆகப்போகிறது. அவருக்குப் பின் வந்தவர்கள் சாலையை நீட்டினார்கள், சிலை வைத்தார்கள், விளக்கு போட்டார்கள். பார்வையை யாரும் மாற்றவில்லை. கடல் என்பது சாலையிலிருந்து பார்க்கப்படுவது. கரை என்பது பார்க்கிறவன் நிற்கிற இடம். இன்றைய திட்ட வரைபடத்திலும் இந்த வாக்கியம்தான் இருக்கிறது.

மணலையும் கிராண்ட் டஃப் கொண்டுவரவில்லை. வடக்கே துறைமுகம் கட்டும் வேலை 1870-களில் தொடங்கியது; 1881 புயலில் சிதைந்து மறுபடி கட்டப்பட்டது. இந்தக் கரையோரமாக மணல் வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்துகொண்டே இருக்கும். துறைமுகத்தின் சுவர் அதை மறித்தது. மறிக்கப்பட்ட மணல் தெற்கே தங்கித் தங்கி மெரினாவை அகலமாக்கியது. இன்று சமாதிகளும் பஜ்ஜிக் கடைகளும் குதிரைச் சவாரியும் கொள்கிற அந்த அகலம் துறைமுகம் கொடுத்த அகலம். உலகத்தின் மிக நீண்ட கடற்கரைகளில் ஒன்று, இயற்கையின் கொடை என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்வதில் இந்தச் செய்தி அடிபட்டுப்போகிறது.

நான் பேரேடு எழுதிப் பிழைக்கிறவன். எங்கள் தொழிலில் ஒரு பக்கம் வரவு வைத்தால் இன்னொரு பக்கம் பற்று எழுதாமல் நாள் கணக்கு முடியாது. மெரினாவில் வரவான மணலுக்குப் பற்று எங்கே விழுந்தது என்று பார்த்தால், துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரத்திலும் காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் விழுந்திருக்கிறது. வடக்கே போக வேண்டிய மணல் போய்ச் சேராததால் அங்கே கடல் கரையைத் தின்றது. தெருக்களும் வீடுகளும் போயின. கரையைக் காக்கப் பாறாங்கற்களைக் கொட்டினார்கள். தெற்கே இருக்கிறவன் மணலில் உட்கார்ந்து கடலைப் பார்க்கிறான். வடக்கே இருக்கிறவன் கருங்கல் குவியலின் மேல் ஏறிப் பார்க்கிறான். இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள். புதுச்சேரியிலும் இதே கணக்குதான். 1980-களின் இறுதியில் துறைமுகம் வந்தபின் நகரத்துக்கு முன்னால் இருந்த மணல் போய்விட்டது. மாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டு ஜனங்களை நடக்கவிடுகிற அந்த அருமையான சாலைக்குக் கீழே பல வருஷம் கருங்கல்தான் கிடந்தது. கடற்கரை வடிவமைப்பு என்பதை நடைபாதையின் ஓட்டுக் கற்களோடு முடித்துக்கொள்கிறவர்கள் இந்தப் பேரேட்டைப் பார்ப்பதில்லை. கரையின் உண்மையான வடிவத்தைத் தீர்மானித்த சுவர் அவர்கள் வரைபடத்துக்கு வெளியே இருக்கிறது.

புறநகர்வாசிகளான எங்களுக்கு இந்த விஷயம் ரயில் பலகையிலேயே எழுதியிருக்கிறது. தாம்பரத்திலிருந்து கடற்கரை நிலையம் வரை மின்சார ரயில் 1931-ல் ஓடத் தொடங்கியது. அன்றுமுதல் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் ஜனங்கள் தினமும் ‘கடற்கரை’ என்று எழுதிய ரயிலில் ஏறுகிறார்கள். அந்த நிலையத்தில் இறங்கினால் கடற்கரை இல்லை. சாலையைத் தாண்டினால் துறைமுகத்தின் மதில். ஒரு காலத்தில் அங்கே அலை வந்துகொண்டிருந்தது என்பதற்கு நிலையத்தின் பெயர்தான் சாட்சி. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் அங்கிருந்து பறக்கும் ரயிலுக்கு மாறி, வந்த திசையிலேயே திரும்பித் திருவல்லிக்கேணிக்கோ கலங்கரை விளக்கத்துக்கோ போக வேண்டும். பொருள் போய்ப் பெயர் மட்டும் நிற்பது பழைய செய்யுளில்தான் நடக்கும் என்றில்லை.

3

கருப்பொருளை நீக்குவது எப்போதும் ஓசையில்லாமல் நடந்துவிடுவதில்லை. 1985-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மெரினாவை அழகுபடுத்தவென்று மீனவர்களுடைய படகுகளையும் வலைகளையும் மணலிலிருந்து அகற்றினார்கள். மீனவர்கள் எதிர்த்தார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது, உயிர்கள் போயின. அழகுபடுத்தல் என்ற சொல்லை நான் நிறுத்திப் பார்க்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான். அந்தச் சொல்லில் ரத்தம் பட்டிருக்கிறது. கட்டுமரமும் வலையும் காயும் மீனும் கண்ணுக்கு உறுத்துகின்றன என்ற ஒரு ரசனைத் தீர்ப்பு கடைசியில் துப்பாக்கியில் போய் நின்றது. ரசனை என்பது தனிமனிதனின் சொந்த விஷயம், அதில் வாதமில்லை என்று நம்மிடையே சொல்பவர்கள் உண்டு. அவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அந்தத் துப்பாக்கிச் சூட்டுக்கு இருபத்தாறு வருஷம் முன்பே அதே மெரினாவில் உழைப்புக்கு ஒரு சிலை வைத்தாயிற்று. தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959-ல் நிறுவப்பட்டது. நாலு பேர் ஒரு பாறையை நெம்புகிறார்கள். நம் நகரத்துச் சிலைகளில் சிலை என்று சொல்லத்தக்கவை மிகச் சில. அதில் இது ஒன்று. தசையின் முறுக்கும் உடம்பின் சாய்வும் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த வெண்கல உழைப்பாளிகளைப் பார்த்து மெய்மறக்கிற நகரம், அவர்களுக்குப் பின்னால் மணலில் வலை இழுத்துக்கொண்டிருந்த உழைப்பாளிகளைக் காட்சிக்குக் கேடு என்று நினைத்திருக்கிறது. இந்தியாவில் முதன்முதலாக மே தினம் கொண்டாடப்பட்டது 1923-ல். திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் உயர்நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கடற்கரையிலும். நடத்திய சிங்காரவேலர் மீனவச் சமூகத்தில் பிறந்தவர். இவ்வளவு பொருத்தம் ஒரு கதையில் வந்தால் ஆசிரியர் வலிந்து செய்திருக்கிறார் என்று எழுதுவோம்.

1968-ல் உலகத் தமிழ் மாநாட்டுக்காகப் பத்துச் சிலைகள் வந்தன. வள்ளுவர், ஔவை, கம்பர், பாரதி, பாரதிதாசன், வ.உ.சி., போப், கால்டுவெல், வீரமாமுனிவர், கண்ணகி. எல்லோரும் சாலையைப் பார்த்து, கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்கள். மொழிக்கு நன்றி சொல்வது தப்பில்லை. ஆனால் கடற்கரையைச் சிலப்பதிகாரத்தின் பெயரால் அலங்கரித்தவர்கள் சிலப்பதிகாரம் கடற்கரையை எப்படிப் பார்த்தது என்று திரும்பிப் பார்த்திருக்கலாம். புகார் நகரத்தில் மருவூர்ப்பாக்கம் கடலை ஒட்டியது. பரதவரும் உப்பு விற்பவரும் மீன் விற்பவரும் அயல்நாட்டு வணிகரும் கைவினைஞரும் அங்கே நெருங்கி வாழ்ந்தார்கள். அரசனும் பெருங்குடியினரும் இருந்த பட்டினப்பாக்கம் உள்ளே தள்ளி. இரண்டுக்கும் நடுவே மரங்கள் அடர்ந்த சோலையில் நாளங்காடி. பொது இடத்தை இளங்கோ வைத்தது அங்கேதான். கடலோரத்து ஜனங்களும் உள்ளூர் ஜனங்களும் மர நிழலில் சந்தித்துப் பேரம் பேசுகிற இடம் அது. கண்ணகி சிலையை 2001 டிசம்பரில் எடுத்ததற்கும் 2006-ல் திரும்ப வைத்ததற்கும் செலவான மையில் நூற்றில் ஒரு பங்கு இந்த நாளங்காடிக்குச் செலவாகவில்லை.

நாளங்காடிப் பிரச்னை ஏட்டில் இருப்பது மட்டுமல்ல. பட்டினப்பாக்கத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரை குப்பத்து வீடுகளுக்கும் மணலுக்கும் நடுவில் ஒரு இணைப்புச் சாலை ஓடுகிறது. லூப் ரோடு என்று சொன்னால்தான் எல்லோருக்கும் தெரியும். அதன் ஓரத்தில் நொச்சிக்குப்பத்துப் பெண்கள் மீன் விற்பார்கள். படகு வருகிற இடம், ஏலம் போகிற இடம், விற்கிற இடம், வீடு எல்லாம் கூப்பிடு தூரத்தில். சாந்தோம் நெடுஞ்சாலையின் நெரிசலைக் குறைக்க வாகனங்கள் இந்த வழியே திருப்பப்பட்டன; உடனே மீன்காரிகள் ஆக்கிரமிப்பாளர்கள் ஆனார்கள். 2023 ஏப்ரலில், உயர்நீதிமன்றம் எடுத்துக்கொண்ட வழக்கைத் தொடர்ந்து, மாநகராட்சி கடைகளை அகற்றியது. மீனவர்கள் மறியல் செய்தார்கள். 2024-ல் நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. தரை இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, மேலே கூரை இருக்கிறது. வெயிலில் கூடையோடு உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு இதெல்லாம் சிறிய விஷயமில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் சாலை எப்படி முதலில் வந்தது, யார் புழங்கிய தரையில் வந்தது என்ற கேள்வியை அங்காடியின் கூரை மூடிவிட்டது. வந்தவன் போக்குவரத்து, இருந்தவள் ஆக்கிரமிப்பு. இப்படி இலக்கணம் எழுதிய பிறகு வடிவமைப்பில் என்ன நுட்பம் செய்தாலும் அது அணியலங்காரம்தான்.

வங்கியில் சஸ்பென்ஸ் என்று ஒரு கணக்கு உண்டு. வந்த தொகையை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாவிட்டால் தற்காலிகமாக அங்கே போட்டு வைப்போம். அதற்குச் சொந்தக்காரன் இல்லை என்று அர்த்தமில்லை. சொந்தக்காரன் யார் என்று எங்களுக்குத் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். அரசாங்கப் பதிவேட்டில் புறம்போக்கு என்று எழுதப்பட்ட கடற்கரையை இந்தச் சஸ்பென்ஸ் கணக்கைப் போல நினைத்துப் பார்க்கலாம். பட்டா இல்லாததால் சொந்தமில்லை என்று மேலே இருக்கிறவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். வலை காய்கிற மணலுக்கும் மீன் உலர்கிற மணலுக்கும் கரைவலை இழுக்கிற மணலுக்கும் குப்பத்தில் வரையறை உண்டு. அது காகிதத்தில் இல்லை. 2017 ஜனவரியில் டி.எம். கிருஷ்ணா பாடி, கபேர் வாசுகி எழுதி வெளிவந்த புறம்போக்குப் பாடல் செய்த பெரிய காரியம், வசைச்சொல்லாகிவிட்ட அந்த வார்த்தையைப் பொதுச் சொத்து என்ற அதன் பழைய அர்த்தத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்தது. ஒரு வார்த்தையின் அர்த்தத்தை மீட்பது எழுத்தாளர்களின் வேலை. இந்த முறை பாட்டுக்காரர்கள் முந்திக்கொண்டார்கள்.

4

எல்லாமே தோல்வி என்று சொல்வது விமர்சனத்துக்கு எளிது. கொஞ்சம் சரியாக நடந்த இடங்களையும் பார்க்க வேண்டும்.

2022 நவம்பரில் மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காக ஒரு மரப்பாதை திறக்கப்பட்டது. 263 மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம். சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் அதன் வழியே மணலைக் கடந்து அலை தெரியும் தூரம் வரை போகலாம். துறைமுகம் கொடுத்த அந்தப் பெரிய மணல் அகலம் நடக்க முடியாதவர்களுக்கு ஒரு மதில். சாலையோரத்தில் நிறுத்தப்பட்டு, மற்றவர்கள் தண்ணீரில் கால் நனைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் அவர்களுடைய இயக்கங்களும் பல வருஷம் கேட்டுக் கிடைத்த பாதை அது. இரண்டு வாரத்தில் மாண்டஸ் புயல் வந்து அதன் கடற்புற முனையைச் சிதைத்தது. கோடி ரூபாய் தண்ணீரில் போயிற்று என்று சிரித்தவர்கள் உண்டு. பழுது பார்த்து மறுபடி திறந்தார்கள். மெரினாவில் இதுவரை கட்டியவற்றில் எனக்கு மிகவும் மதிப்பு இந்தப் பலகைகளின் மேல்தான். அது ஒரு கண்ணின் விருப்பத்திலிருந்து தொடங்கவில்லை; ஒரு உடம்பின் தேவையிலிருந்து தொடங்கியது. புயல் எடுத்தாலும் மறுபடி போட்டுக்கொள்ளலாம். கல்லில் கட்டியிருந்தால் கரையை அது எடுத்திருக்கும்.

இரண்டாவது உதாரணத்துக்குத் தெற்கே வரவேண்டும். பெசன்ட் நகரின் எலியட்ஸ் கடற்கரையில் ஷ்மிட் நினைவு மண்டபம் இருக்கிறது. 1930-ன் கடைசியில், மற்றவர்களைக் காப்பாற்றப் போய் மூழ்கிய டென்மார்க் மாலுமியின் நினைவாகக் கட்டியது. அந்த வெள்ளை வளைவு எத்தனையோ சினிமாப் பாட்டில் வந்துவிட்டது. அதற்கு வடக்கே சிறிது தூரத்தில், அடையாறு கடலில் சேரும் முகத்துவாரத்தை ஒட்டி, ஊரூர் ஆல்காட் குப்பம். அது சினிமாப் பாட்டில் வருவதில்லை. 2015-ல் இந்தக் குப்பத்தில் ஒரு கலை விழா தொடங்கினார்கள். சபாக்களில் கேட்கிற கர்நாடக சங்கீதமும் பரதமும் ஒரு பக்கம், பறையும் வில்லுப்பாட்டும் கூத்தும் ஒரு பக்கம், ஒரே மணலில். இதிலும் கேள்விகள் உண்டு. யார் யாருக்கு மேடை கொடுக்கிறார்கள் என்று குப்பத்துக்காரர்கள் கேட்டால் அது நியாயமான கேள்வி. ஆனாலும் அடையாற்று ஜனங்கள் நாற்பது வருஷமாகப் பக்கத்திலேயே இருந்தும் கால் வைக்காத தெருவில் கால் வைத்தார்கள். சிமெண்ட் இல்லாமல், திறப்புக் கல்வெட்டு இல்லாமல் ஒரு பொது இடம் சில மாலைகளுக்கு உண்டாயிற்று. பறையும் யாழும் கருப்பொருள் என்று தொல்காப்பியம் ஏன் வைத்தது என்பதற்கு அது ஒரு உரை.

மூன்றாவது கடல் தாண்டி. கொழும்பின் காலி முகத்திடல் 1859-ல் கவர்னர் ஹென்றி வார்ட் காலத்தில் உலாவுவதற்கென்று அமைக்கப்பட்டது. கொழும்புப் பெண்களின், குழந்தைகளின் நலனுக்காகத் தனக்குப் பின் வருகிறவர்கள் இதைப் பேண வேண்டும் என்று அவர் கல்வெட்டே வைத்தார். அதுவும் ஒரு கவர்னரின் உலாவிடம்தான். ஆனால் அது பெரும்பாலும் வெறும் திடலாகவே விடப்பட்டது. காற்றாடி விடலாம், இஸ்ஸோ வடை தின்னலாம், சும்மா இருக்கலாம். 2022-ல் நாட்டின் பொருளாதாரம் சரிந்தபோது ஜனங்கள் வந்து கூடாரம் அடித்து மாதக்கணக்கில் உட்கார்ந்த இடமும் அதுவே. ஒரு ஜனாதிபதி பதவியை விட்டு ஓடினார். இன்ன காரியத்துக்கு என்று முடிவு செய்யப்படாத வெறுமை பொது இடத்தின் பெரிய சொத்து. மெரினாவுக்கும் அந்தச் சரித்திரம் உண்டு. 1907-ல் பிபின் சந்திர பால் பேசியது இந்த மணலில். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக லட்சக்கணக்கில் இளைஞர்கள் உட்கார்ந்ததும் இந்த மணலில். கடைசி நாள் போலீஸ் விரட்டியபோது அவர்களுக்கு ஒதுங்க இடம் கொடுத்தவை குப்பத்து வீடுகள். அதற்கான விலையை நடுக்குப்பம் தன் மீன் சந்தை எரிந்ததில் கொடுத்தது. அதன்பின் மெரினாவில் போராட்டத்துக்கு அனுமதி இல்லை என்று அரசாங்கம் நின்றது. 2018-ல் உயர்நீதிமன்றமும் அதை ஏற்றது. காற்று வாங்கலாம், கூடக் கூடாது. கிராண்ட் டஃப் திருப்தியாகத் தூங்கலாம்.

இந்த உதாரணங்களிலிருந்து சில விஷயங்கள் தெளிவாகின்றன. திணையில் பொழுதும் முதற்பொருள். நம் வடிவமைப்பாளருக்குத் தெரிந்தது ஒரே பொழுது, மாலை ஐந்து முதல் ஒன்பது. கடற்கரைக்கு இருபத்துநாலு மணி நேரம் இருக்கிறது. விடியுமுன் படகு தள்ளுகிறார்கள், காலையில் ஏலம், நடுப்பகலில் எங்கே நிழலோ அங்கே வலை செப்பனிடுகிறார்கள், மாலையில் நாம் வருகிறோம், இரவில் வீட்டில் புழுக்கம் தாங்காதவர்கள் வந்து படுக்கிறார்கள். ஒரே மணலை இத்தனை பேர் முறை வைத்துப் புழங்கி வந்திருக்கிறார்கள். நிழல் எங்கே, குடிதண்ணீர் எங்கே, பெண்களுக்குக் கழிப்பறை எங்கே, கடைசி பஸ் எத்தனை மணிக்கு, வலை எங்கே உலரும் என்ற கேள்விகளில் தொடங்குகிற வரைபடம் ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை. ‘நம்ம சென்னை’ போன்ற எழுத்துகளுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள இடம் கிடைக்கிறது. நம்ம என்ற சொல்லில் யார் யார் என்று அந்த எழுத்துகள் சொல்வதில்லை.

5

தாம்பரத்தில் கடல் இல்லை, ஏரி இருக்கிறது. அல்லது இருந்தது. சேலையூர், சிட்லபாக்கம், செம்பாக்கம், பெருங்களத்தூர் என்று ஊருக்கு ஒன்று. பல்லாவரம் பெரிய ஏரியின் நடுவே துரைப்பாக்கம் சாலை போகிறது. ஏரி இரண்டு துண்டு. மிச்சம் இருக்கிற ஏரிகளைக் காப்பாற்ற அந்தந்த ஊர்க்காரர்கள் பாடுபடுகிறார்கள். சிட்லபாக்கத்தில் குப்பை அள்ளவும் அதிகாரிகளைக் கேள்வி கேட்கவும் தெருவாசிகள் இறங்கியதற்குப் பலன் இருந்தது. ஆனால் மீட்பு என்று அரசாங்கம் கொண்டுவரும் வரைபடம் இங்கேயும் அதே மெரினாதான்: கரைமேல் ஓட்டுக்கல் நடைபாதை, கம்பிவேலி, விளக்குக் கம்பம், உடற்பயிற்சி யந்திரம், பெயர்ப்பலகை. ஏரியின் கருப்பொருள் மதகும் கலங்கலும் வரத்துக்கால்வாயும். மழைத் தண்ணீர் ஒரு ஏரி நிரம்பி அடுத்த ஏரிக்குப் போய்க் கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பில் இறங்குகிற அந்தத் தொடர்ச்சி. 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது தன் பழைய வழியை அது மறக்கவில்லை என்று தெரிந்தது. நடைபாதையில் காலையில் நடக்கிற ஓய்வு பெற்ற மனிதரை நான் கேலி செய்யவில்லை. அவருக்கும் இடம் வேண்டும். கலங்கலை அடைத்துவிட்டு அவருக்குப் பாதை போடுவதை மட்டும் கேட்கிறேன்.

6

இதையெல்லாம் ஒரு கவிதைப் பத்திரிகையில் ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். நம்மிடமும் அந்தப் பார்வை இருக்கிறது என்பதனால் எழுத வேண்டியிருக்கிறது.

சிறுபத்திரிகைக் கவிதையில் கடலுக்குப் பஞ்சமில்லை. மணலில் தனியாக ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். அலை வருகிறது, போகிறது. காலம், மரணம், சூன்யம், அவள் இல்லாமை. தொலைவில் ஒரு கட்டுமரம். புள்ளியாகத் தெரிந்து மறைகிறது. அதில் இருப்பவனுக்கு முகம் கிடையாது. அவன் வலையில் என்ன விழுந்தது, எந்தக் காற்றில் போனான், கொண்டலா கச்சானா வாடையா என்பது கவிஞனுக்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்றும் தோன்றவில்லை. முதற்பொருளிலிருந்து உரிப்பொருளுக்கு ஒரே தாவல். இந்தக் கவிதையை எழுதியவன் உட்கார்ந்திருப்பது கிராண்ட் டஃப் போட்ட பெஞ்சில். வடிவமைப்பாளர் மணலிலிருந்து படகை அகற்றினார். நாம் வரியிலிருந்து அகற்றினோம். நமக்குத் துப்பாக்கி தேவைப்படவில்லை.

தனிமனிதப் பிரக்ஞையின் தவிப்பை எழுதுவது கவிதையின் உரிமை, அதற்குச் சமூக விவரங்களைச் சுமத்தக் கூடாது என்று பதில் வரும். நான் விவரம் கேட்கவில்லை. நெய்தல் பாட்டில் வருகிற உலர்மீன் சமூகவியல் தகவலாக வரவில்லை. அந்தப் பெண்ணின் தவிப்புக்கு வேறு வடிவம் கிடையாது என்பதால் வந்தது. நம் தவிப்புக்கு எந்தப் பொருளும் வடிவமாக அகப்படவில்லை என்றால் தவிப்பின் உண்மையையே சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. நாவலில் நிலைமை மேல். வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ 1977-ல் வந்தது; தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ 1988-ல்; ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ 2004-ல். மூன்றும் தென்கோடிக் கடற்கரை. சென்னையின் குப்பங்களைப் பற்றி அந்தத் தரத்தில் ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் தயங்குவேன். இத்தனை எழுத்தாளர்கள் வசிக்கிற நகரத்தில், இத்தனை இலக்கியக் கூட்டங்கள் மெரினா மணலில் நடந்திருக்கிற நகரத்தில், கூட்டம் நடந்த இடத்துக்கு இருநூறு அடி தள்ளி இருந்த தெரு எழுத்துக்குள் வரவில்லை.

மெரினாவுக்கு அடுத்த திட்டம் எப்போதும் தயாராகிக்கொண்டிருக்கும். மூங்கில் குடையும் சாய்வு நாற்காலியும் நீலக்கொடிச் சான்றிதழும் பற்றிச் செய்திகள் வந்தபடி இருக்கின்றன. சிசிலிக்குப் பதில் இப்போது வேறு ஏதோ ஒரு கடலின் ஞாபகம். அந்த வரைபடம் பொதுமக்கள் கருத்துக்கென்று வைக்கப்படும்போது நம்மில் நாலு பேராவது போய், வலை உலர்கிற இடம் இதில் எங்கே என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்கும் தகுதி வேண்டுமானால், அதே கேள்வியை அதற்கு முன் நம் கவிதைகளிடமும் கேட்டிருக்க வேண்டும்.